துளையிட்ட குண்டுமணி

இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால், அங்கன்வாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம், பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். இத்தனை வருஷம் ஆகியும் இதை நிதானமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

என் ஊர் கச்சிராயபாளையம். கரும்பு போடுகிற குடும்பம். அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு மேற்பார்வையாளராகி, கல்வராயன் மலையில் சில மையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு எண்ணும் நிறமும் வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கச் சொல்லித் தாய்மார்களைத் தூண்டுவது எங்கள் வேலையில் ஒன்று. பல பேர் அதை ஒப்புக்குச் செய்வார்கள். நான் அதை நம்பிச் செய்தேன்.

"விடிஞ்சா கூலிக்குப் போறவங்க. அவங்களுக்கு ஏதும்மா விளையாட நேரம்?" என்று அதிகாரிகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தனியாக நேரம் யார் கேட்டார்கள்? பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ஒவ்வொரு சொம்பையும் எண்ணி ஊற்றலாம். துணி காயப்போடும்போது "அந்தப் பச்சைப் பாவாடையை எடு" என்று கேட்கலாம். தக்காளி பச்சையாக இருந்து மஞ்சளாகிச் சிவப்பாவதைச் செடியிலேயே காட்டலாம். ஆடு திரும்பி வரும்போது கருப்பு ஆடு எத்தனை, செவலை எத்தனை என்று கேட்கலாம். மரவள்ளிக் கிழங்கை உரிக்கும்போது பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் வைக்கச் சொல்லலாம். இதற்குக் காசும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

இதை என்னைவிட நன்றாகச் செய்தவள் ராமாயி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஒரு சின்ன ஊர். கூலிக்குக் களையெடுக்கப் போவாள். அவள் மகள் தீபாவுக்கு அப்போது மூன்று வயது. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் நுழைந்ததும் ஒவ்வொரு வீடாகத் தொட்டு எண்ணச் சொல்வாள். நடுவில் வேண்டுமென்றே ஒரு வீட்டை விட்டுவிடுவாள். பிள்ளை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகும். அந்தத் தெருவே அதைப் பார்த்துச் சிரிக்கும். இதை யாரும் ராமாயிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மலைக்கு ஒரு திட்டம் வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். இப்போது அது இருக்கிறதா என்பதும் தெரியாது. வீட்டுக்கு வீடு விளையாட்டுப் பை கொடுக்கிறோம் என்று எங்கள் துறையோடு சேர்ந்துகொண்டார்கள். பணம் கொடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து மலையைப் பார்க்க வரப்போகிறார்கள், அதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் பை இருக்க வேண்டும் என்று அவசரம். நான் கீழே கள்ளக்குறிச்சியில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், அந்த நிறுவனத்தின் பயிற்சியாளர் ஒருவர் ஜீப்பில் ஊர் ஊராகப் போய்ப் பைகளைக் கொடுத்துவிட்டார். சின்ன வயதுப் பையன். படித்தவன். வேகமானவன்.

பைக்குள் என்ன இருந்தது தெரியுமா? வண்ண அட்டைகள், ஒரு பாட்டுத் தாள், அப்புறம் பத்துக் குண்டுமணி கோத்த ஒரு நூல்.

குண்டுமணியை உங்களுக்குத் தெரியும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்போமே, அதுதான். பளபளவென்று சிவப்பு, நுனியில் ஒரு கருப்புப் பொட்டு. ஒரே விதையில் இரண்டு நிறம், நூலில் கோத்தால் எண்ணிக்கை. போட்டோவில் அழகாக விழும். யோசித்தவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

நான் கூட்டம் முடிந்து காலை பஸ்ஸில் மலை ஏறி, அந்த ஊர் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பணியாளர் வசந்தா பையைப் பெருமையாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ராமாயி பிள்ளையை நடத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நூலு அறுந்துபோச்சி. வேற ஒண்ணு இருந்தா குடுங்க."

"மணியெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"கீழ கெடந்தத பொறுக்கிட்டேன். மிச்சத்த பாப்பா வாயில போட்டுக்கிச்சி."

அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"எப்ப?"

"காலையில, கஞ்சி காச்சிக்கினு இருந்தப்ப. வெளிய வந்துரும் டீச்சர். நானே சின்ன வயசுல முழுங்கிக் கீறேன்."

வசந்தாவும் அதையே சொன்னாள். "ஆமா மேடம். முழுசா முழுங்கினா ஓட்டோட வெளிய வந்துரும். கடிச்சாத்தான் வெஷம்."

அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஓடு கெட்டியானது, உடையாமல் போனால் அப்படியே வெளியே வந்துவிடும். தீபா என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னம் குழிய ஒரு சிரிப்பு. அந்த நிமிஷத்தில் என் மனசும் ஒண்ணும் ஆகாது என்ற பக்கம்தான் சாய்ந்தது.

ராமாயி பொறுக்கி வைத்திருந்த மணிகளை என் உள்ளங்கையில் கொட்டினாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் துளை. நூல் கோக்க வேண்டுமே. ஊறவைத்து ஊசியால் குத்தித் துளை போட்டிருக்கிறார்கள். எந்த ஓடு பிள்ளையைக் காப்பாற்றும் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பிக்கொண்டு நின்றோமோ, அந்த ஓட்டில் ஓட்டை.

பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. கடித்தும் இருக்கிறாள்.

"ராமாயி, கெளம்பு. கள்ளக்குறிச்சிக்குப் போறோம்."

அதற்குள் அவள் புருஷன் சின்னத்தம்பி வந்துவிட்டான். பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இன்னா டீச்சர், புள்ள நல்லாத்தான ஆடிக்கினு கீது. வாந்தியா, பேதியா, ஒண்ணும் இல்ல. இதுக்குப் போயி கீழ எறங்கணுமா? சாயந்தரம் வரைக்கும் பாக்கலாமே."

"சாயந்தரம் வாந்தி எடுத்தா எந்த வண்டியில தம்பி எறக்குவ?"

ஒரு பெண் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள், குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. இன்னொருத்தி சாணியைக் கரைக்கப் போனாள். இரண்டு பேரையும் தடுத்தேன். பிள்ளைக்கு மயக்கம் வந்து வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அதுவே கொன்றுவிடும். வாயைக் கழுவித் துடைத்துவிட்டோம், அவ்வளவுதான். பல்லில் ஒட்டியிருந்த துணுக்கையும் பொறுக்கிய மணிகளையும் என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதைத் தின்றாலும் அதில் கொஞ்சம் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் வாயால் சொல்வதை டாக்டர்கள் பாதிதான் நம்புவார்கள், கண்ணால் பார்த்தால் முழுக்க நம்புவார்கள்.

கிளம்புகிற நேரத்தில் இன்னொரு பயம் வந்தது. இந்த ஊரில் மட்டும் எத்தனை வீட்டில் இந்த நூல் தொங்குகிறது? நான் வீடு வீடாகப் போவதா, பிள்ளையோடு போவதா? பிள்ளையோடு போவது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் ராமாயியைத் தனியாக நிறுத்தினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"வசந்தா, இன்னிக்கு மையத்த மூடு. ஒவ்வொரு வூடா போயி நூல வாங்கு. மணி கொறைஞ்சிருந்தா அந்தப் புள்ளயத் தூக்கிக்கினு கீழ வா."

அவள் தயங்கினாள். "பை குடுத்த சாரு கோச்சிக்குவாரு மேடம். நாளான்னிக்கு பாக்க வராங்களாம். பையி கொறையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிக்கீறாரு."

"கோச்சிக்கட்டும்."

அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே இறங்க இருந்த ஒரு மினி லாரியை நிறுத்தினோம். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. நானும் ராமாயியும் பிள்ளையோடு முன்னால் ஏறிக்கொண்டோம், சின்னத்தம்பி பின்னால் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தான். வளைவுக்கு வளைவு தீபா கைதட்டிச் சிரித்தாள். நான் மட்டும் தேவையில்லாமல் ஒரு குடும்பத்தைக் கலைத்துக் கூட்டிப்போகிறேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அந்த நடுக்கம் வரும். வந்தால் வரட்டும். வண்டியை மட்டும் திருப்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"குழந்தை நல்லாதானே இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி வந்தா திரும்ப வாங்க."

"சார், இவங்க வூடு மலை மேல இருக்குது. வாந்தி வந்தப்புறம் கெளம்பினா இங்க வந்து சேரும்போது என்ன கொண்டு வருவோம்னு தெரியாது."

"எல்லாரும் இப்படித்தாம்மா பயப்படுறீங்க. விதை தானா வெளியே வந்துடும்."

கைக்குட்டையை அவிழ்த்து அவர் மேசை மேல் வைத்தேன். "இதுல ஓட்டை போட்டிருக்காங்க சார். பாப்பா கடிச்சும் இருக்குது. கொஞ்சம் பாருங்க. பாத்துட்டுப் போகச் சொன்னீங்கன்னா போயிடுறோம்."

அவர் மணியை உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது. அவரைக் குறை சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட்டாரே, அதுவே பெரிய குணம். பெரிய டாக்டர் வந்து இரண்டே கேள்வி கேட்டார். எப்போது, எத்தனை?

"நாலு காணோம்" என்றாள் ராமாயி. "பத்து இருந்துச்சி. தெனம் அதோட எண்ணுவேன், எனக்குத் தெரியும்."

கரியைக் கரைத்த மாதிரி கருப்பாக ஒரு மருந்தை மூக்குக் குழாய் வழியாக விட்டார்கள். பிள்ளை அலறிய அலறல் வராண்டா முழுக்கக் கேட்டது. நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

இருட்டுவதற்கு முன் வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு அதில் ரத்தம். காலையில் கைதட்டிச் சிரித்த பிள்ளை ஈரத்துணி மாதிரி துவண்டுவிட்டது. டிரிப் ஏற நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ராமாயி அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அந்தப் பயிற்சியாளர் பையன் ஓடி வந்தான். வராண்டாவில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நாட்டு மருந்துக் கடையிலதான் வாங்கினேன். கடைக்காரர் சொன்னாரு, வெஷம் சார், பாத்துன்னு. கடிச்சாத்தானேன்னு கேட்டேன். ஆமான்னாரு. வெளையாடத்தானே, யாரு கடிக்கப் போறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"ஓட்டை போட்டா என்ன ஆவும்னு கேட்டியா?"

"கேக்கல மேடம்."

"மூணு வயசுப் புள்ள எந்தப் பொருளையும் முதல்ல வாயால தொட்டுத்தான் பாக்கும். இது தெரியாம நீ எதுக்குத் தம்பி புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க வந்த?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். அவன் கெட்டவன் இல்லை. உண்மையை மறைக்கவும் இல்லை. ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. கடைக்காரர் வாயால் விஷம் என்ற சொல்லைக் கேட்டவன். கேட்டும் வாங்கினான், ஏனென்றால் வருகிறவர்களுக்குப் பை முழுசாக இருக்க வேண்டும். நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

அடுத்து எங்கள் அதிகாரி அம்மா வந்தார். பிள்ளையை எட்டிப் பார்த்தார், ஆரஞ்சுப் பழம் வைத்தார். பிறகு என்னை மாடிப்படி ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதணும். குழந்தை வேலியில பறிச்சுச் சாப்பிட்டுதுன்னு எழுதிடுங்க. மலையில அந்தக் கொடி எங்க பார்த்தாலும் இருக்கில்ல."

"வேலியில பறிச்சதுல ஓட்டை இருக்காதுங்களே மேடம்."

"யாரு பார்க்கப் போறா? அந்த ஜனங்க பிள்ளையைக் கவனிக்கிறதே இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்."

தினமும் பிள்ளையை இடுப்பில் சுமந்து வீடு வீடாக எண்ண வைத்தவள் உள்ளே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கவனிக்கவில்லையாம்.

"அது இருக்கட்டும் மேடம். மத்த ஊர்ல இருக்குற நூலை எல்லாம் இன்னிக்கே திரும்ப வாங்கணும்."

"வாங்கலாம், வாங்கலாம். அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் சத்தமில்லாம வாங்கிக்கலாம். இப்ப போய்க் கத்தினா ஊரே பயந்துடும்."

பயந்தால்தான் என்ன? பயப்பட வேண்டிய விஷயத்துக்கு ஊர் பயப்படட்டுமே. அவர் பயந்தது ஊர் பயப்படும் என்பதற்கு இல்லை, வருகிறவர்கள் காதில் விழும் என்பதற்கு.

"நான் அப்படி எழுத மாட்டேன் மேடம்" என்றேன். வேறு பெரிய வசனம் எதுவும் வாயில் வரவில்லை. அவர் செருப்புச் சத்தத்தோடு படியிறங்கிப் போனார்.

மறுநாள் மலையில் சந்தை. பிள்ளையின் பக்கத்தில் ராமாயியோடு சின்னத்தம்பியையும் உட்காரவைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். சந்தைக்குச் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வரும். அலுமினியப் பாத்திரம் விற்கிற ஒருவர் வேனில் மைக் கட்டிக் கூவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கூவுவதை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்.

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. "அங்கன்வாடிப் பையில குடுத்த செவப்பு மணி நூலு யார் வூட்ல இருந்தாலும் இப்பவே கொண்டாங்க. அதுல வெஷம் கீது. ஒரு புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது. நாங்க குடுத்ததுதான். எங்க தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சந்தைச் சத்தம் அடங்கியது. சில பேர் சாமானை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக நூலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்த சாக்கில் போட ஆரம்பித்தார்கள். ஒரு தாய், கைப்பிள்ளையைத் தோளில் போட்டிருந்தவள், நூலைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"இத்த உங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்களா டீச்சர்?"

"குடுக்க மாட்டேன்."

"பின்ன எங்க வூட்டுக்கு ஏன் வந்துச்சி?"

மைக் கையில் இருந்தது. அதைக் கீழே இறக்கினேன். அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தூரத்து ஊர் ஒன்றில் ஒரு பையன் முந்தின நாளே மணியை முழுங்கியிருந்தது அந்தச் சந்தையில்தான் தெரிந்தது. அவனையும் உடனே கீழே இறக்கினோம். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்கும்போதெல்லாம் அந்த மாடிப்படி ஓரம் ஞாபகம் வந்து உடம்பு சூடாகிறது.

தீபா பிழைத்தாள். ரொம்ப நாள் படுக்கையில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பியது என்றார் பெரிய டாக்டர்.

ராமாயியிடம் கையெழுத்து வாங்க எங்கள் துறையிலிருந்து ஒரு கூட்டமே மலை ஏறியது. வேலியில் பறித்தது என்று தயாராக எழுதி வைத்திருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"நான் பறிச்சிக் குடுக்கலீங்க. நீங்க குடுத்தீங்க, நான் வாங்கினேன். அத்த எழுதிக்கினு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக்கொண்டு யாரும் திரும்பி வரவில்லை. எனக்குத்தான் மெமோ வந்தது. அனுமதியின்றிப் பொது இடத்தில் பேசி, துறைக்கு அவப்பெயர் உண்டாக்கியதாக. அதோடு கீழே மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மாற்றல்.

மெமோவைவிட என்னை அதிகம் எரியவைத்தது அதற்குப் பிறகு வந்த உத்தரவுதான். இனி வீட்டு விளையாட்டு எதுவும் வேண்டாம், பொருள் எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், சுவரில் அட்டை மாட்டி அதைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதும். மையங்களில் இருந்த மரக்கட்டைகளும் பந்துகளும் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. சொம்புத் தண்ணீர் என்ன பாவம் செய்தது? கொடித்துணி யாரைக் கொன்றது? முழுசாகக் கேட்காமல் வாங்கியது ஒருத்தர், மறைக்கப் பார்த்தது ஒருத்தர், தண்டனை மலைப் பிள்ளைகளுக்கு. ஏதாவது கெட்டது நடந்தால் விளையாட்டை நிறுத்துவதுதான் உங்கள் மேலதிகாரிகளுக்கு முதலில் தோன்றும். அதற்குத் தலையாட்டாதீர்கள். கொடுக்கிற பொருள் பிள்ளையின் வாயைவிடப் பெரியதாக இருக்கட்டும், நீங்களே பயமில்லாமல் கடித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். ஆனால் விளையாட்டு இருக்கட்டும்.

தாய்மார்களும் நிறுத்திவிட்டார்கள். அவர்களை எப்படிக் கோபித்துக்கொள்வது? தீபா வாயே திறப்பதில்லை என்று வசந்தா சொன்னாள். "இது இன்னா கலரு?" என்று கேட்டால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாளாம். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒவ்வொருவரும் அவளிடம் அதைத்தான் கேட்டார்கள். பெயர் சொல்லு, ஒண்ணு ரெண்டு சொல்லு, இது என்ன கலர் சொல்லு. ஊசிக்கு முன்னாலும் கேட்டார்கள், பின்னாலும் கேட்டார்கள். இனி யாரும் அவளிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கேள்வி கேட்கிற பழக்கம் நம் வேலையில் ஒரு வியாதி. பிள்ளை சும்மா இருக்க விரும்பினால் சும்மா விடுங்கள்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு ராமாயி வீட்டுக்கு ஒருமுறை போனேன். வெறும் கையோடு போக மனசு வராமல், கள்ளக்குறிச்சியில் வாங்கிய பெரிய ரப்பர் பந்து ஒன்றை எடுத்துப் போனேன். நல்ல பந்துதான், எந்த வாயிலும் போகாது.

ராமாயி முற்றத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொம்பாக ஊற்றினாள். வாய்விட்டு எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு சொம்புக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினாள், யாராவது எண்ணினால் எண்ணட்டும் என்கிற மாதிரி. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும், தண்ணீர் விழுவதற்கு முன்னால் அதன் உதடு அசைவதை நான் பார்த்தேன். ராமாயியும் பார்த்தாள். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

தலை துவட்டி முடிந்ததும் நான் பந்தை நீட்டினேன். ராமாயி அதை வாங்கவில்லை.

"வேணாங்க டீச்சர்."

"பந்துதான் ராமாயி."

"தெரியுதுங்க." அவள் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டே பேசினாள், குரல் உயரவே இல்லை. "நீங்க இல்லன்னா என் புள்ள இல்ல, அத்த நான் மறக்க மாட்டேன். எப்ப வேணா வாங்க, குந்துங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. ஆனா இனிமே இந்த வூட்டுக்கு வரும்போது கையில ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்க."

பந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.